எல் போர்டு வந்த கதை

கார் ஓட்டப் பழகுகிறவர்களின் வண்டியில் முன்னாலும் பின்னாலும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பாக ஒரு ‘எல்’ ஒட்டியிருக்கும். நம் ஊரில் ‘எல் போர்டு’ என்றாலே ஒரு கிண்டல்தான். வேலைக்குப் புதிதாக வந்தவரைக் கூட அப்படித்தான் சொல்வோம். ஆனால் அந்த எழுத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பது வரை சட்டத்தில் இருக்கிறது தெரியுமா நண்பர்களே? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் மூன்றாவது விதியைப் பாருங்கள். பலகை 18 செ.மீ. சதுரம். எழுத்தின் உயரம் 10 செ.மீ., தடிமன் 2 செ.மீ., அடிப்பக்க அகலம் 9 செ.மீ. இதற்குக் குறையக் கூடாது.

அது என்ன 18, 10, 9 என்று கணக்கு? அங்குலத்துக்கு மாற்றிப் பார்த்தால் புரிந்துவிடும். ஏறக்குறைய 7 அங்குலம், 4 அங்குலம், 3.5 அங்குலம். பிரிட்டனில் இன்றும் எல் போர்டின் அளவு இதுதான் (அவர்கள் எழுத்து மட்டும் நம்முடையதை விடக் கொஞ்சம் தடிமன்). அதாவது ஆங்கிலேயர்கள் விட்டுப் போனதை நாம் மெட்ரிக்கில் வட்டமாக்கி வைத்திருக்கிறோம். ரயில், தபால், கிரிக்கெட் மாதிரி இதுவும் ஒன்று. ஆனால் இந்தச் சிவப்பு எழுத்து அங்கே சும்மா வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் நாற்பது வருடச் சண்டை நடந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நான் படிப்பது வணிகவியல், அதனால் காசுக் கணக்கு வரும் இடத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றுவிடுவேன், பொறுத்துக் கொள்ளவும்.

முதலில் சிவப்புக் கொடி. 1865இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அப்போது பெட்ரோல் கார் கிடையாது, சாலையில் ஓடியவை நீராவி எஞ்சின்கள். வண்டிக்கு மூன்று பேர் வேண்டும். அதில் ஒருவர் வண்டிக்கு 60 கஜம் முன்னால் சிவப்புக் கொடியைப் பிடித்துக் கொண்டு நடந்து போக வேண்டும். ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல், அதற்கு மேல் போகக் கூடாது. மணிக்கு 2 மைல் என்றால் நம் தாத்தா காலையில் நடைப்பயிற்சி போகும் வேகத்தை விடக் குறைவு! இதைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை சாலை என்பது நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சொந்தம். வண்டி அங்கே விருந்தாளி. விருந்தாளிதான் சொல்லிவிட்டு வர வேண்டும். இன்றைக்கு நிலைமை எப்படித் தலைகீழாகிவிட்டது என்று யோசித்தால் அந்தக் கொடிக்காரரைப் பார்த்துச் சிரிப்பு வராது. 1878இல் கொடி கட்டாயமில்லை என்றானது, தூரமும் 20 கஜமாகக் குறைந்தது. ஆள் மட்டும் முன்னால் நடந்து கொண்டே இருந்தார்.

அவரை 1896 நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது (நடைமுறையில் 12 ஆக்கினார்கள்). கார் வைத்திருந்த பணக்காரர்கள் அந்த நாளை விடுதலை நாளாகவே கொண்டாடி, லண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஊர்வலம் போனார்கள்.

ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு சாவு நடந்துவிட்டது. 1896 ஆகஸ்ட் 17. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் ஒரு விழா. ஒரு நிறுவனம் அங்கே தன் கார்களில் ஆட்களை ஏற்றிக் காட்சி ஓட்டம் காட்டிக் கொண்டிருந்தது. மகளோடும் ஒரு தோழியோடும் நடந்து வந்த பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண்மணி மீது ஒரு கார் மோதியது. அவர் இறந்து போனார். பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். கார் என்ன வேகத்தில் வந்தது? ஓட்டியவர் ஆர்தர் எட்சல், மணிக்கு 4 மைல்தான் என்றார். பார்த்தவர்கள் சிலர் அதை ஒத்துக் கொள்ளவில்லை. எட்சல் கார் ஓட்ட ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சாலையில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கூட அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. லைசென்ஸ் என்ற ஒன்றே அப்போது இல்லை. ஆறு மணி நேர விசாரணைக்குப் பிறகு விபத்து மரணம் என்று தீர்ப்பானது. யார் மீதும் வழக்கு இல்லை. விசாரித்த மரண விசாரணை அதிகாரி, இப்படி ஒன்று இனி ஒருபோதும் நடக்கக் கூடாது என்று தன் விருப்பத்தைச் சொன்னார்.

பாவம், நல்ல மனிதர்.

இப்போது ஒரு கேள்வி. மூன்று வாரப் பழக்கம் உள்ளவர் ஒருவரைக் கொன்றுவிட்டார் என்றால் அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? ஓட்டத் தெரியுமா என்று சோதித்துவிட்டுத்தானே சாலையில் விட வேண்டும்? பிரான்சில் 1893லேயே பாரிஸ் போலீஸ் அப்படி ஒரு உத்தரவு போட்டுவிட்டது. ஓட்டிக் காட்டி, தகுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் வண்டி எடுக்கலாம். ஆனால் பிரிட்டன் 1903இல் மோட்டார் கார் சட்டம் கொண்டு வந்தபோது லைசென்ஸைக் கட்டாயமாக்கியது, தேர்வை வைக்கவில்லை! 17 வயது ஆகியிருந்தால் போதும். 5 ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கையில். இது திறமைக்குச் சான்றிதழ் இல்லை, வெறும் ரசீது. நம்பர் பிளேட்டும் அப்போதுதான் வந்தது. வேக வரம்பு 20 மைல் ஆனது.

இந்த 20 மைல் வரம்பு பட்ட பாடு இருக்கிறதே, அது தனிக் கதை. யாருமே மதிக்கவில்லை. போலீஸ்காரர்கள் புதருக்குப் பின்னால் ஸ்டாப் வாட்சோடு ஒளிந்து நின்று பிடித்தார்கள். அதைச் சமாளிக்கக் கார்க்காரர்கள் 1905இல் ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்று பெயர், இன்றும் அந்த நாட்டில் பெரிய நிறுவனம் அது. சங்கத்தின் ஆட்கள் சைக்கிளில் சுற்றி, முன்னால் போலீஸ் நிற்கிறது என்று உறுப்பினர்களுக்குச் சைகை காட்டுவார்கள். 1910இல் நீதிமன்றம், இது போலீஸ் வேலைக்குக் குறுக்கே நிற்பது, குற்றம் என்று சொல்லிவிட்டது. சங்கம் என்ன செய்தது தெரியுமா? தலைகீழாக மாற்றிவிட்டது. உறுப்பினரின் கார் வந்தால் சங்கத்து ஆள் எப்போதும் சல்யூட் அடிப்பார். அடிக்கவில்லை என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது, நிறுத்திக் கேட்டுக் கொள்ள வேண்டும். சல்யூட் அடிக்காததற்கு எப்படி வழக்குப் போடுவது! நம் ஊர் நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு முறை விட்டு விட்டு எரிய வைப்பாரே, அதே சங்கதிதான். போலீஸைக் கண்டால் ஓட்டுநர்களுக்குள் வந்துவிடும் ஒற்றுமைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

யாரும் மதிக்காத சட்டம் எதற்கு என்று 1930இல் கார்களுக்கான வேக வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆம், முழுசாக! எவ்வளவு வேகத்தில் வேண்டுமானாலும் போகலாம். அதே 1930 சட்டத்தில் இரண்டு நல்ல காரியங்களும் இருந்தன. ஒன்று, மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மோதியவரிடம் காசில்லை என்றால் அடிபட்டவர் தெருவுக்கு வர வேண்டியதில்லை. (இந்தியாவில் இது 1939 சட்டத்திலேயே எழுதப்பட்டும், அந்த அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1இல்தான். இன்ஷூரன்ஸ் பாடத்தில் வரும், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தூங்கிய பகுதி.) இரண்டாவது, ‘ஹைவே கோட்’ என்ற சாலை விதிக் கையேடு. 1931 ஏப்ரலில் வெளிவந்தது, விலை ஒரு பென்னி.

அந்த முதல் பதிப்பில் என்ன இருந்தது என்பதை விட என்ன இல்லை என்பதுதான் வேடிக்கை. சாலைக் குறியீடுகளின் படம் ஒன்று கூட இல்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடி பற்றிப் பேச்சே இல்லை. முந்தும்போது ஹாரன் அடிக்கச் சொன்னது. புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு கைச் சைகைகள். குதிரை வண்டிக்காரர் சாட்டையை எப்படி ஆட்டிச் சைகை காட்ட வேண்டும் என்பதும் உண்டு. குடித்துவிட்டோ களைப்போடோ ஓட்டுவது ஆபத்து என்ற எச்சரிக்கை அடுத்த பதிப்பில்தான் வந்தது. வண்டி இத்தனை வேகத்தில் வந்தால் நிற்க இத்தனை தூரம் வேண்டும் என்ற அட்டவணை மூன்றாம் பதிப்பில். இன்று எல்.எல்.ஆர். தேர்வில் ‘இந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது?’ என்று சர்வ சாதாரணமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொரு வரியும் யாரோ செத்த பிறகு சேர்க்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1934. அந்த ஒரே ஆண்டில் பிரிட்டன் சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர், காயம் பட்டவர்கள் 2,31,603 பேர். இறந்தவர்களில் பாதிப் பேர் நடந்து போனவர்கள். நாட்டில் இருந்த மொத்த மோட்டார் வண்டிகளோ இருபத்தைந்து லட்சத்துக்குக் கொஞ்சம் முன்பின். இன்று அங்கே நான்கு கோடி வண்டிகள் ஓடுகின்றன, ஆண்டுக்குச் சாவு 1,700க்குள். ஒப்பிட்டால் அன்றைய நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரியும்.

அந்த ஆண்டு போக்குவரத்து அமைச்சராக வந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. விளம்பரப் பிரியர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் சாலை மரணங்களைக் கூட்டுக் கொலை என்றே பேசிய அமைச்சர். லண்டன் கேம்டன் பகுதியில் பாதசாரிகள் கடக்கும் இடத்தில் அவரே சாலையைக் கடந்தபோது ஒரு கார் அவரை இடிக்காத குறையாகப் போனது. அதன் பிறகு கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு உருண்டை வைத்து, கடக்கும் இடங்களைத் தூரத்திலிருந்தே தெரியச் செய்தார்கள். அந்தக் கம்பத்துக்கு இன்றும் அவர் பெயர்தான், பெலிஷா பீக்கன். 1934 சட்டம் ஊர்ப்பகுதியில் 30 மைல் வரம்பைக் கொண்டு வந்தது, கூடவே ஓட்டுநர் தேர்வையும்.

எதிர்ப்பு இல்லாமலா? மூர் பிராபசோன் என்று ஒரு உறுப்பினர். இந்த மசோதா மீதான விவாதத்தில் அவர் கேட்டது என்ன தெரியுமா? ஆண்டுக்கு ஆறாயிரம் பேர் தற்கொலை செய்து கொள்கிறார்கள், அதைப் பற்றி யாரும் கூச்சல் போடவில்லையே என்றார்! இவர் சாதாரண ஆள் இல்லை. பிரிட்டனில் விமானம் ஓட்டுவதற்கான சான்றிதழ் எண் 1 இவர் பெயரில்தான் இருந்தது (ஒரு பன்றிக் குட்டியைக் கூடையில் வைத்துக் கட்டிப் பறந்து காட்டியவரும் இவரே). விமானத்துக்குச் சான்றிதழ் வாங்கியவருக்குக் காருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கசப்பு என்று தெரியவில்லை. இதில் பெரிய வேடிக்கை, பிறகு 1940 அக்டோபரில் இவரே போக்குவரத்து அமைச்சரானார்.

தேர்வு 1935 மார்ச்சில் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, ஜூன் 1 முதல் கட்டாயம். கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 90 பென்னி. ஒரு தேர்வுக் காசில் 90 ஹைவே கோட் வாங்கலாம்! தேர்வு மையம் என்று கட்டடம் எதுவும் கிடையாது. பூங்கா வாசல், ரயில் நிலையம், நகர மண்டபம் என்று எங்காவது தேர்வாளரைச் சந்தித்துக் கொள்ள வேண்டியதுதான். 100க்கு 63 பேர் தேறினார்கள். தேறாதவர் வண்டியில் ‘எல்’ தொடர வேண்டும். அப்படித்தான் அந்தச் சிவப்பு எழுத்து பிறந்தது. அடுத்த ஆண்டுக் கணக்கில் சாவு சுமார் 6,500 ஆகக் குறைந்திருந்தது. தேர்வால் மட்டும் என்று சொல்ல முடியாது. 30 மைல் வரம்பும் அதே சமயத்தில்தான் வந்தது.

ஒரு சலுகையையும் சொல்ல வேண்டும். 1934 ஏப்ரல் 1க்கு முன்பே ஓட்ட ஆரம்பித்தவர்களுக்குத் தேர்வு இல்லை. பழைய ஆட்களைத் தொட்டால் ஓட்டுப் போய்விடும் என்ற பயமாகத்தான் இருக்கும். அதனால் தேர்வே எழுதாத ஒரு தலைமுறை பல பத்தாண்டுகள் சட்டப்படியே ஓட்டிக் கொண்டிருந்தது.

1939 செப்டம்பரில் போர் வந்ததும் தேர்வை நிறுத்திவிட்டார்கள். மீண்டும் வந்தது 1946 நவம்பரில். இடையில் 1941இல் 9,169 பேர் இறந்தார்கள். பிரிட்டன் சாலை வரலாற்றிலேயே மிக மோசமான ஆண்டு அது. குண்டு வீச்சுக்குப் பயந்து தெரு விளக்கெல்லாம் அணைத்திருந்ததுதான் பெரிய காரணம். ஆனாலும் அந்த ஆண்டின் முதல் சில மாதங்கள் அமைச்சர் நாற்காலியில் இருந்தவர் யார் என்று மேலே போய்ப் பாருங்கள். 1956இல் சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோதும் தேர்வு சில மாதம் நின்றது. அப்போது எல் போர்டுக்காரர்கள் துணைக்கு ஆள் இல்லாமலே ஓட்டலாம் என்று விட்டார்கள். தேர்வாளர்களைப் பெட்ரோல் ரேஷன் வேலைக்கு அனுப்பினார்கள்.

சரி, நம் பக்கம் வருவோம். இந்தியாவில் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914. விரிவான சட்டம் 1939, அது ஜூலை 1இல் அமலுக்கு வந்தது. அதாவது அங்கே போருக்காகத் தேர்வை நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்பு! இன்று நடப்பில் உள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது வாங்கி 30 நாள் கழித்துத்தான் நிரந்தர லைசென்ஸ் கேட்கலாம். கார் பழகும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுத்தளவில் குறை சொல்ல முடியாத விதிகள். 2019 செப்டம்பர் முதல் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 500லிருந்து 5,000 ரூபாய் ஆனது. வயது வராத பையன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாயும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

ஆனால் கணக்கைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இறந்தவர்கள் 17,884. பிரிட்டன் முழுவதும் 1934இல் இறந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல், ஒரே மாநிலத்தில்! நாடு முழுவதும் இறந்தவர்களில் 100க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள், கிட்டத்தட்ட 20 பேர் நடந்து போனவர்கள். அதாவது மூன்றில் இரண்டு பங்கு, தன்னைச் சுற்றி இரும்புக் கூடு இல்லாதவர்கள். பிரிட்ஜெட் டிரிஸ்கால் காலத்திலிருந்து இது மாறவே இல்லை.

இங்கேதான் எனக்கு நம் தேர்வின் மீது கோபம் வருகிறது. பைக் லைசென்ஸுக்கு ‘எட்டு’ போடச் சொல்வார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டால் பாஸ். எட்டு போடுவது சமநிலைக்கு நல்ல சோதனைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மைதானத்தில் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஓடி வரும் குழந்தை இல்லை, தவறான பக்கத்தில் வரும் டிராக்டர் இல்லை. பிரிட்டனில் 1996இல் எழுத்துத் தேர்வைத் தனியாக வைத்தார்கள். 2002 முதல் வீடியோவைப் போட்டுக் காட்டி, ஆபத்து உருவாகும் நொடியிலேயே மவுஸை அழுத்தச் சொல்கிறார்கள். கையையும் காலையும் மட்டும் சோதித்தது போதாது, கண்ணையும் சோதிக்க வேண்டும் என்று அவர்களுக்கே புரிய 67 வருடம் ஆகியிருக்கிறது!

நம் தேர்வு மாறும் வரை எல் போர்டுக்காரர்கள் தாங்களே கற்றுக் கொள்ள வேண்டியதில் முக்கியமானது நிற்கும் தூரம். ஹைவே கோட் அட்டவணைப்படி மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும். அதில் 9 மீட்டர், ஆபத்தைப் பார்த்து மூளை காலுக்குச் சொல்வதற்குள்ளேயே ஓடிவிடும். பிரேக் பிடிப்பதற்கு 14 மீட்டர். மொத்தத்தில் இரண்டு டவுன் பஸ் நீளம். வேகத்தை இரண்டு மடங்காக்கி 96 கி.மீ. போனால் தூரமும் இரண்டு மடங்கு என்று நினைப்போம். இல்லை. யோசிக்கும் தூரம்தான் இரண்டு மடங்கு, 18 மீட்டர். பிரேக் தூரம் நான்கு மடங்கு, 55 மீட்டர். ஆக மொத்தம் 73 மீட்டர், ஆறு பஸ்! கூட்டு வட்டி மாதிரி, வேகம் ஏற ஏற எங்கோ போய்விடுகிறது. அதுவும் காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கோடு. இதில் செல்போனை ஒரு நொடி பார்த்தால் அந்த வேகத்தில் இன்னும் 27 மீட்டர் சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஓட்டும்போது மீட்டர் கணக்கெல்லாம் யாரால் போட முடியும்? அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முன்னால் போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ரொம்ப நெருங்கிப் போகிறீர்கள். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் ‘ஆயிரத்து நான்கு’ வரை எண்ண வேண்டும்.